யோசிக்காத கை

பட்டறையின் மரத்தூளில் ஒரு முழங்கால் பதிந்திருந்தது.

யாக்கோப்பு முதலில் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. விசுவமடுச் சந்திக்குப் பின்னால் அவன் போட்டிருந்த தச்சுப் பட்டறைக்கு நாலு காட்டுத்தடிக் கால்களும் மேலே கிடுகும்தான். கதவு என்ற பேச்சே இல்லை. ஆடு வரும், நாய் வரும், வேலை இல்லாதவர்கள் கதைக்க வருவார்கள். ஆனால் நேற்றுப் பின்னேரம் அவன் தூள் முழுவதையும் ஈர்க்குமாறால் ஒரே சீராக இழுத்துப் பரப்பிவிட்டுத்தான் வீட்டுக்குப் போயிருந்தான். அந்தச் சீரின் நடுவில் வலது முழங்காலின் குழி. அதற்கு ஒன்றரை முழம் முன்னால் இடது பாதம். வந்த தடமும் இல்லை, போன தடமும் இல்லை. குனிந்து பார்த்தான். இடது பெருவிரல் ஒரு பொட்டு உள்நோக்கித் திரும்பியிருந்தது. அதைக் கண்ட பிறகுதான் அவன் ஒரு அடி பின்னுக்கு வைத்தான். அந்தப் பெருவிரலை உள்ளே திருப்பச் சொல்லி ஒருவனிடம் இரண்டு கிழமை தொண்டை கிழியக் கத்தியவன் அவன்தான். அந்த ஒருவனைப் புதைத்து அன்றைக்கு ஒன்பது நாள்.

"ஆரும் வந்தவையோ?" என்று வீட்டுப் பக்கம் பார்த்துக் கேட்டான்.

"இந்த விடியக்காலமை உங்களிட்ட ஆர் வரப்போகினம்?" என்றாள் அவன் மனைவி புனிதம், குசினிக்குள் இருந்தபடியே. "தேத்தண்ணி ஆறுது. வந்து குடியுங்கோ."

தூளைக் காலால் கலைத்துவிட்டுப் போனான்.

யாக்கோப்புக்கு நாடகப் பைத்தியம். நாயாற்றில் வள்ளம் கட்டிக்கொண்டிருந்த காலத்திலேயே கோயில் பெருநாளுக்கு மேடை போட்டு, ஆள் பிடித்து, உடுப்புத் தைத்து, எல்லாருடைய வாயாலும் ஏச்சு வாங்கி நாடகம் போட்டவன். இடம்பெயர்ந்து வந்தபோது சட்டி பானையை விட்டுவிட்டு நாடகக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வந்தான் என்று புனிதம் இன்னும் சொல்லிக்காட்டுவாள். அந்த வருசம், அதாவது இரண்டாயிரமாம் ஆண்டு, சனசமூக நிலையத்துக்காக அவன் எழுதிய நாடகத்தில் ஒரு ஆமிக்காரனும் ஒரு வாத்தியாரும் வருவார்கள். முதல் மேடையிலேயே மானம் போயிற்று. ஆமிக்காரனாக வந்தவன் துவக்கைத் துப்பாக்கியாக அல்ல, உலக்கை மாதிரிப் பிடித்தான். சனம் சிரித்த சிரிப்பில் சோகக் காட்சி பகிடிக் காட்சியாகிவிட்டது. வேறு ஊர் என்றால் தப்பியிருக்கலாம். வன்னிச் சனத்துக்கு முன்னால் துவக்கு விசயத்தில் புளுக முடியுமா? பத்து வருசமாகச் சோதனைச் சாவடிகளில் வரிசையில் நின்று, துவக்குப் பிடித்த கைகளைப் பார்த்துப் பார்த்தே, இவன் புதுசு, இவன் பழசு, இவன் களைத்தவன், இவனோடு வாய் கொடுக்கக் கூடாது என்று தரம் பிரிக்கப் பழகிய சனம் அது. பால்குடிப் பிள்ளையைக்கூட ஏமாற்ற முடியாது.

அன்றைக்கே அவன் நடிகர்களைக் கூட்டி ஒரு சட்டம் போட்டான்.

"துவக்கைப் பிடிக்கிறதில ஆள் ஆரெண்டு தெரிய வேணும். வாத்தியார் பிறந்ததுக்குத் துவக்கைத் தொட்டிருக்கமாட்டார். அவர் தடுமாற வேணும், கை நடுங்க வேணும், விசை எங்க இருக்கெண்டு தேட வேணும். ஆமிக்காரன் தேடக்கூடாது. தன்ர காது எங்க இருக்கெண்டு கைக்குத் தெரியுமெல்லே, அப்பிடித் தெரிய வேணும்."

வாத்தியார் வேடத்துக்குத் தையல்காரச் செல்வராசா. அவனுக்கு நடுங்கச் சொல்லிக்கொடுக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஆமிக்காரன் வேடத்துக்கு வீரபாகுவைப் பிடித்தான். தகப்பன் காலத்தில் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து அடிபட்டு ஓடிவந்து இங்கே காடு வெட்டிக் குடியேறிய குடும்பம் அது. வீரபாகு கூலிக்குத் தோட்டம் கொத்துகிறவன். ஆறடி உயரம், ஆனால் கோழி அறுக்கப் பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிடுகிற மனுசன். அந்த உடம்புக்குள் ஒரு ஆமிக்காரனைக் கொண்டுவந்து இருத்திக் காட்டுகிறேன் பார் என்று யாக்கோப்பு மனதுக்குள் சவால் விட்டான். அப்போது அந்த நினைப்பு எவ்வளவு இனித்தது என்பதை எண்ணினால் இப்போது அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பு வருகிறது.

முதிரைக் கட்டையில் துவக்கு செய்தான். பாரம் சரியாக இருக்க வேண்டுமென்று தோளில் பொருந்துகிற சோங்குப் பக்கத்தைக் குடைந்து, வலைக்குக் கட்டுகிற ஈயத்தை உருக்கி ஊற்றினான். பிறகு ஒன்றரை மாதம், ஆறு கிழமை பழக்கம். சாப்பிடும்போது மடியில், தோட்டத்தில் வரம்பில், படுக்கும்போது பாயில். வீரபாகு அதற்குத் தினமும் தேங்காய் எண்ணெய் பூசித் துடைப்பான். நாடகத்தின் கடைசிக் காட்சியில், மறைவிலிருந்து "ஆரது?" என்று ஒரு குரல் வரும். அந்தக் கணமே ஆமிக்காரன் வலது முழங்காலை நிலத்தில் போட்டு, சோங்கைத் தோளில் பொருத்தி, குரல் வந்த பக்கம் குறி பார்க்க வேண்டும். அதற்குத்தான் அத்தனை பாடும். யாக்கோப்பு நினையாத நேரமெல்லாம் கத்துவான். கிணற்றடியில், கடை வாசலில், சைக்கிளில் போகும்போது பின்னாலிருந்து. "ஆரது?" ஆரம்பத்தில் வீரபாகு ஒரு கண் வெட்டுகிற நேரம் யோசித்தான்.

"யோசிச்சாத் தெரியுது," என்று யாக்கோப்பு ஏசினான். "யோசிச்சுச் செய்தா அது நடிப்பு. உன்ர கை யோசிக்கக்கூடாது."

ஆறாவது கிழமை அந்தக் கை யோசிப்பதை விட்டது.

ஒட்டுசுட்டானில் நாடகம் பின்னேரமே முடிந்தது. இந்த முறை சனம் சிரிக்கவில்லை. வீரபாகு முழங்கால் போட்டபோது முன்வரிசையில் இருந்த ஒரு பெண் தன் பிள்ளையை இழுத்து மடிக்குள் அமுக்கினாள். யாக்கோப்புக்குக் கால் நிலத்தில் படவில்லை. திரும்பி வருகிற வழியில், காட்டுப் பாதை பிரிகிற இடத்தில் உழவு இயந்திரத்தை மறித்து வீரபாகு வேடத்துப் பச்சைச் சட்டையோடேயே இறங்கினான். அவன் பிள்ளைக்குக் காய்ச்சல். குறுக்கு வழியால் நடந்தால் இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போய்விடலாம்.

"துவக்கு பெட்டியிலேயே கெடக்கட்டுமா அண்ணே?" என்று கேட்டான்.

"கொண்டு போ. நாளைக்கும் பழக வேணும். கையை விட்டு இறக்காத."

அந்த நாட்களில், காட்டுக்குள்ளால் ஆமியின் ஆட்கள் ஒளித்து வந்து சுட்டுவிட்டுப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் பயம். சனமே முறை வைத்து, கையில் துவக்கோடு காட்டோரம் காவல் நின்றது. அன்றைய முறை ஏரம்பு என்ற கமக்காரனுடையது. மம்மல் பொழுது, ஆள் முகம் தெரியாத மங்கல். பச்சைச் சட்டை போட்ட உயரமான ஒரு உருவம், கையில் துவக்கு, பாதையால் வந்தது. ஏரம்பு கேட்டது ஒரே ஒரு சொல்.

"ஆரது?"

"நான்தான்" என்று வீரபாகு சொல்லவில்லை. கையைத் தூக்கவில்லை. அவனுடைய பிணத்தை எடுத்தபோது வலது முழங்காலில் மண் ஒட்டியிருந்தது.

"பழகாத ஆள் அப்பிடி இருக்கமாட்டான்," என்று ஏரம்பு விசாரணையில் அழுதழுது சொன்னான். "நான் என்ர கண்ணால கண்டனான். ஒரு சொடுக்கில முழங்கால் போட்டிட்டான். உது நாடகத்துக்குப் பழகினதில்லை."

சனசமூக நிலையத் தலைவர் பரமேஸ்வரன் யாக்கோப்பைத் திரும்பிப் பார்த்தார். "நீரோ பழக்கினது?"

நாற்பது பேர் சுற்றி நின்றார்கள். ஓம் என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடியில் யாக்கோப்புக்குத் தன் தோல்தான் பெரிதாகத் தெரிந்தது.

"மேடையில எப்பிடி நிக்கிறதெண்டு மட்டும்தான் காட்டினனான்," என்றான். "துவக்கைச் சாக்கில சுத்திக்கொண்டு போகச் சொன்னனான்."

அதோடு ஊர் முடிவு கட்டிவிட்டது. துவக்கைப் பிடிப்பதில் ஆள் யாரென்று தெரியும்தானே. வீரபாகு எங்கேயோ இரகசியமாகப் பழகிய ஆள், இத்தனை காலமும் ஊரோடு இருந்து ஒற்று வேலை பார்த்தவன். பிரேதம் தூக்க நாலு பேர் சேரவில்லை.

மரத்தூளில் தடத்தைக் கண்ட அன்று மத்தியானம் சத்தம் தொடங்கியது. வெயில் கிடுகின் ஓட்டைகளால் வட்டம் வட்டமாக இறங்கியிருக்க, யாக்கோப்பு ஒரு அலுமாரிக் கதவுக்குச் சீவுளி போட்டுக்கொண்டிருந்தான். சீவுளி ஓடுகிற சத்தத்துக்கு அடியில் வேறொன்று ஓடியது. மண்ணில் குதி திரும்புகிற உரசல், முழங்காலில் துணி இழுபடுகிற மெல்லிய இறுக்கம், பிறகு உள்ளங்கையில் மரம் வந்து விழுகிற "தப்". சீவுளியை நிறுத்தினால் அதுவும் நின்றது. மறுபடி தள்ளினால் மறுபடி உரசல், இறுக்கம், தப். ஆறு கிழமை அவன் காது குளிரக் கேட்ட ஒழுங்கு அது, ஒரு பிசகு இல்லை. விசாரணைக்குப் பிறகு கைக்கு வந்த அந்தத் துவக்கை அவன் ஈர்வாளால் நாலு துண்டாக அரிந்து, வேலிக்கு வெளியே இடுப்பளவு கிடங்கு வெட்டிப் போட்டு மூடியிருந்தான். போய்ப் பார்த்தான். மூடிய மண்ணில் புல் முளைக்கத் தொடங்கியிருந்தது, ஒருவரும் தொடவில்லை.

அடுத்த நாள் தடம் முற்றத்தில் இருந்தது. அதற்கடுத்த நாள் குசினி வாசலில். வெள்ளிக்கிழமை விடிய, அவன் கட்டிலிலிருந்து காலை இறக்கியபோது, சாணி மெழுகிய நிலத்தில் குதிக்காலுக்குக் கீழே ஒரு குழி தட்டுப்பட்டது. பார்க்காமலே தெரிந்தது.

அன்று பகல் வீரபாகுவின் மனைவி இராசமலர் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தாள். காய்ச்சல் மாறிய பிள்ளை. கண் மட்டும் பெரிதாக இருந்தது. யாக்கோப்பு கதிரை எடுத்துப் போட்டான். அவள் இருக்கவில்லை.

"கெணத்துல தண்ணி அள்ள வேணாங்கிறாங்க அண்ணே. நிவாரண அட்டையையும் வாங்கிட்டாங்க. ஞாயித்துக்கெழம கூட்டமாம். ஊர விட்டுப் போகச் சொல்லப் போறாங்களாம்."

அவன் உளியைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"நீங்கதான் பழக்குனீங்க. நான் சொன்னா நம்ப மாட்டேங்கிறாங்க. வீட்டுல ஒரு நாளு கதவ யாரோ தட்டுனாங்க, நான் உங்க ஊருப் பேச்சுல 'ஆரது'ன்னு சும்மா கேட்டுட்டேன். கையில சோத்துத் தட்டு. அப்பிடியே போட்டுட்டு முழங்கால் போட்டாரு. சோறு பூரா கொட்டிருச்சு. நாங்க ரெண்டு பேரும் எவ்வளவு சிரிச்சோம் தெரியுமா?" அவள் குரல் உடையவில்லை; உடைவதற்கு மிச்சம் இல்லாத குரல். "எனக்கு வேற ஒண்ணும் வேணாம். எம்புள்ளைக்கு அவ அப்பன் பேரு வேணும். ஒற்றனோட மக இல்லன்னு இருக்கணும். வந்து சொல்லுங்க."

"பாப்பம் தங்கச்சி," என்றான் யாக்கோப்பு. சொன்ன வாயை அறுத்தெறியலாம் போலிருந்தது.

அவள் பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றினாள். பிறகு மூக்கைச் சுளித்துச் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"தேங்கா எண்ணெ வாசம் வருது," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போய்விட்டாள்.

பட்டறையில் தேங்காய் எண்ணெய் கிடையாது. ஆனால் வாசம் அவனுக்கும் வந்தது. அவன் சட்டைக் கையிலிருந்து வந்தது.

சனிக்கிழமை காலை புனிதம் தேத்தண்ணியை வைத்துவிட்டு, போகாமல் நின்றாள்.

"உங்களுக்கு மனசு சரியில்லை எண்டு தெரியும். விடியப்புறம் எழும்பிப் பாக்கிறன், கட்டிலடியில முழந்தாளில நிக்கிறியள். மூண்டு நாளா இப்பிடித்தான். செபம் சொல்லுறியள் எண்டு பேசாமல் விட்டனான்."

"நானோ?"

"ஓம். ஆனா..." அவள் சிலுவையைத் தொட்டுக்கொண்டாள். "ஒரு முழந்தாள்தான் போட்டிருக்கிறியள். கையும் கூப்பேல்லை."

யாக்கோப்புக்கு எதுவும் நினைவில்லை. தன் இடது காலைப் பார்த்தான். பெருவிரல் உள்நோக்கித் திரும்பியிருந்தது. கையால் பிடித்து நேரே வைத்தான். கையை எடுத்ததும் அது மெல்லத் திரும்பிப் பழைய இடத்துக்குப் போனது. அப்போது அவன் தீர்மானித்தான். ஊர் காறித் துப்பட்டும், பரமேஸ்வரன் கட்டி வைத்து அடிக்கட்டும், சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் இது விட்டுப் போகும். போக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குச் சனசமூக நிலையத்து வேப்பமரத்தின் கீழ் ஊர் கூடியது. இராசமலரும் பிள்ளையும் ஒரு ஓரமாகத் தனியே, அவர்களைச் சுற்றி இரண்டு பாய் அளவு வெறும் மண். பரமேஸ்வரன் வாயைத் திறக்க முன்பே யாக்கோப்பு எழும்பினான்.

எல்லாவற்றையும் சொன்னான். ஈயம் ஊற்றியதை, கிணற்றடியில் கத்தியதை, கை யோசிக்கக்கூடாது என்றதை. துவக்கைப் பெட்டியில் விட்டுப் போகக் கேட்டவனிடம் கொண்டு போ என்றதை. பிறகு இதே இடத்தில் நின்று பொய் சொன்னதை. சொல்லச் சொல்ல நெஞ்சில் கிடந்த பாறை அசைந்தது. அழுகை வந்தது. இரண்டு கிழமைக்குப் பிறகு முழுதாக ஒரு மூச்சு எடுத்தான்.

"கதையைச் சோடிக்கிறார்," என்று யாரோ சொன்னார்கள். "பாவம் பாத்து அந்தப் பெட்டைக்காகச் சொல்லுறார்."

பரமேஸ்வரன் கையைக் காட்டி அடக்கினார். "அப்பிடியெண்டா எங்களுக்குக் காட்டும் பாப்பம். நீர் பழக்கினதெண்டால் உமக்கும் வரவேணுமே. ஏரம்பு, கண்டது நீர்தான். கேளும்."

ஏரம்பு எழும்பவே மறுத்தான். இரண்டு பேர் பிடித்து எழுப்பினார்கள்.

"ஆர்... ஆரது?"

யாக்கோப்பு காட்ட வேண்டும் என்று நினைக்கவில்லை. நினைக்க நேரம் இருக்கவில்லை. உரசல், இறுக்கம். முழங்கால் மண்ணில் இருந்தது. வெறும் கைகள் தோளுக்கு ஏறி, பிடித்து, நின்றன.

முன்னால் இருந்தவர்கள் பின்னுக்கு நகர்ந்தார்கள்.

"ஐயோ!" ஏரம்பு தலையில் அடித்துக்கொண்டான். "இதுதான்! இதேதான்! ஐயோ, நான் ஒண்டும் அறியாத மனுசனையெல்லே..." அவன் விழுந்தெழும்பி ஓடி, இராசமலரின் காலடியில் குப்புற விழுந்தான். "என்னை மன்னி பிள்ளை. என்னை மன்னி." பெண்கள் அழத் தொடங்கினார்கள். யாரோ இராசமலருக்குத் தண்ணீர் கொண்டு ஓடினார்கள். ஊர் நம்பிவிட்டது.

"காணும் யாக்கோப்பு," என்றார் பரமேஸ்வரன், குரல் கரகரக்க. "எழும்பும்."

யாக்கோப்பு எழும்பப் பார்த்தான்.

முழங்கால் வரவில்லை. கையை இறக்கப் பார்த்தான். இறங்கவில்லை. நாடகத்தில் இந்த இடத்தில் திரை விழும். இதற்குப் பிறகு என்ன செய்ய வேண்டும் என்று அவன் வீரபாகுவுக்குச் சொல்லிக்கொடுக்கவே இல்லை.

வெறும் கையில் பாரம் ஏறியது. முதிரையின் பாரம். ஈயத்தின் பாரம். உள்ளங்கையில் எண்ணெய் வழுக்கியது. கன்னத்தோடு கன்னமாக, தாடி முளைத்த, குளிர்ந்த ஒரு கன்னம் வந்து பொருந்தியது. அது மூச்சு விடவில்லை.

ஏரம்பு கதறிக்கொண்டிருந்தான். குரல் வந்த பக்கம். குரல் வந்த பக்கம் குறி பார்க்க வேண்டும். யாக்கோப்பின் தோள் திரும்பியது. அவன் திருப்பவில்லை. மெல்ல, சீராக, அவன் பழக்கியபடியே. ஏரம்புவின் முதுகுக்கு மேலால். இராசமலரிடம். அவள் இடுப்பில் இருந்த பிள்ளையிடம். அங்கே நின்றது.

"எழும்பும் எண்டெல்லே சொல்லுறன்."

கத்த வாயைத் திறக்கப் பார்த்தான். வாய் வரவில்லை.

கண் மட்டும் அவனுடையதாக இருந்தது. அதைக் கீழே இறக்கினான். சரிந்த வெயிலில் அவன் நிழல் மண்ணில் நீண்டு கிடந்தது. தலை, தோள், முழங்கை. முழங்கைக்கு அப்பாலும் நிழல் போயிற்று. ஒல்லியாக. நேராக. வெறும் மண்ணைக் கடந்து, இராசமலரின் பாதத்தைக் கடந்து, அவள் சேலையில் ஏறி.

பிள்ளை அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

யாக்கோப்பின் சுட்டுவிரல் மடங்கத் தொடங்கியது.